100 கி.மீ. ஓட்டம்: 35 தாண்டினதும் வயிறு எதையும் ஏத்துக்க மாட்டேங்குது. பெட்டியில என்ன வைக்கலாம்?

செம்பூரான், காரைக்குடி

வணக்கம். தம்பி பிப்ரவரி கடைசியில 100 கி.மீ. ஓட்டத்துல இறங்குறான். கையில ஆறு வாரம் இருக்கு. விடிகாலை 4 மணிக்கு ஆரம்பம், 14 மணி நேரத்துக்குள்ள முடிக்கிறதா கணக்கு. நான் ஓடலை. பின்னாடியே வண்டியில போய்த் தண்ணி, சாப்பாடு கொடுக்கிற பொறுப்பு என்னுது. அதனாலதான் இங்க கேட்கிறேன்.

வயசு 34, எடை 64 கிலோ. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியா திருப்பத்தூர் போய்த் திரும்புற ரோட்டுலதான் நீள ஓட்டமெல்லாம். காலை 5 மணிக்குக் கிளம்புவான். 30 கி.மீ. வரைக்கும் ஒரு சிக்கலும் இல்ல. 35 தாண்டினதும் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில வருது: முதல்ல புளிச்ச ஏப்பம், அப்புறம் மேல்வயிறு இறுகுது, உள்ள தண்ணி குலுங்குற சத்தம் பக்கத்துல வர்ற எனக்கே கேட்குது, பிறகு குமட்டல். அதுக்கப்புறம் எனர்ஜி ஜெல்லை (கவர்ல வர்ற கெட்டியான இனிப்புக் கூழ்) கண்ணுல காட்ட விட மாட்டான். 40-ஐ நெருங்கும்போது அடிவயித்தைப் புரட்டி ஒதுங்கப் போறதும் உண்டு.

ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கிறது: ஜெல் ரெண்டு (ஒவ்வொன்னுலயும் 25 கிராம் மாவுச்சத்து), அரை லிட்டர் பாட்டில் ஒன்னு (அதுல 40 கிராம் எனர்ஜி பவுடர்), பேரீச்சம்பழம் நாலு. இது போக குன்றக்குடி கிட்ட ஒரு இளநீர், வெயில் ஏறினா நீர்மோர். முந்தின ராத்திரி இட்லியும் நாட்டுக்கோழிக் குழம்பும். காலையில பால் காபி ரெண்டு. முட்டி வலி வந்துடக் கூடாதுன்னு ஒரு வலி மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் கிளம்புறான்.

இதுல அவனுக்கு ஒத்துக்காதது எது? நடு ரோட்டுல ஆரம்பிச்சுட்டா வண்டியில இருக்கிற நான் என்ன செய்யணும்?

கோட்டையூர் ஓட்டம்

அண்ணே, ஒத்துக்காத பொருளைத் தேடுறதுக்கு முன்னாடி அளவைக் கூட்டிப் பாருங்க. ஜெல்லுல 50 கிராம், பவுடர்ல 40, பேரீச்சை நாலுல சுமார் 24. ஆக 114 கிராம், அதுவும் அரை லிட்டர் தண்ணியில. நூத்துக்கு 22, 23 பங்கு கெட்டி. ஓடிக்கிட்டிருக்கும்போது வயிறு சிரமமில்லாம கீழ இறக்கிவிடுறது நூத்துக்கு 6 முதல் 8 பங்கு வரைக்கும் இருக்கிற கரைசல்தான். அதைவிடக் கெட்டியானா இரைப்பை காலியாகுற வேகம் குறைஞ்சிடும். உள்ள போனது நிக்கும், மேல மேல சேரும். நீங்க கேட்குற குலுங்கல் சத்தம் அதுதான். மீறிக் குடலுக்கு இறங்கினது என்ன செய்யும்னா, தன்னை நீர்க்க வைக்கிறதுக்கு உடம்புல இருக்கிற தண்ணியைக் குடலுக்குள்ள இழுக்கும். அடிவயித்துப் புரட்டல் அங்கிருந்து வருது.

முதல் நாலு மணி நேரம் ஏன் தெரியலைன்னா, தேங்குறதுக்கு இடம் இருந்தது, அவ்வளவுதான். 5 மணிக்குக் கிளம்பினா 35 வரும்போது மணி பத்தை ஒட்டியிருக்கும். திருப்பத்தூர் ரோட்டுல அந்த நேரத்துல நிழலும் கிடையாது, கீழ செம்மண்ணும் தாரும் சூட்டைத் திருப்பி அடிக்கும். ஓடுற காலுக்கும் ரத்தம் வேணும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் வேணும். ரெண்டுக்கும் எடுத்துக் கொடுக்கிறது வயிறும் குடலும்தான். கடுமையா ஓடும்போது குடலுக்குப் போற ரத்தம் 80 சதவீதம் வரைக்கும்கூடக் குறையலாம். ரத்தம் இல்லாத குடல் எதையும் உறிஞ்சாது. ஆகவே தேங்கினது, வெயில், வேகம் மூணும் ஒரே இடத்துல சந்திக்குது. அந்த இடம் இப்போதைக்கு 35 கி.மீ.

மாத்த வேண்டியது:

ஜெல்லும் எனர்ஜி தண்ணியும் ஒரே நேரத்துல வயித்துக்குள்ள இருக்கவே கூடாது. 25 கிராம் ஜெல் ஒன்னுக்கு வெறும் தண்ணி 300 மி.லி. கூடவே போகணும். ஒரே மடக்கா இல்ல, அடுத்த 15 நிமிஷத்துக்குள்ள. ஒரு ஜெல்லையும் நாலு தடவையா பிச்சுச் சாப்பிட்டா இன்னும் நல்லது.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, 700 முதல் 750 மி.லி. தண்ணி. இதுல ஆரம்பிங்க. அது நின்னு பழகின பிறகு கூட்டுறதைப் பத்திப் பேசலாம். தண்ணி அளவைக் குத்துமதிப்பா வைக்காதீங்க. ஓடுறதுக்கு முன்னாடி எடை, ஒரு மணி நேரம் ஓடி வேர்வையைத் துடைச்சிட்டு எடை. 64.0 கிலோ 63.2 ஆகி, நடுவுல 400 மி.லி. குடிச்சிருந்தா வேர்வை 1.2 லிட்டர். அது முழுசையும் திருப்பிக் கொடுக்க முயற்சி பண்ண வேணாம், அறுபது சதவீதம் போதும். ஒரு தடவை விடிகாலையில, ஒரு தடவை பத்து மணி வெயில்ல எடுங்க. ரெண்டு எண்ணும் ரொம்ப வித்தியாசப்படும்.

வேகம்: முதல் 30 கி.மீ. முழு வாக்கியமா பேசிக்கிட்டே ஓட முடியணும். சாப்பிடும்போது ரெண்டு மூணு நிமிஷம் நடக்கட்டும். 14 மணி நேரக் கணக்குல அந்த நடை ஒன்னும் நஷ்டமில்லை. மூச்சு வாங்க ஓடிக்கிட்டே விழுங்கினா காத்தும் சேர்ந்து உள்ள போகும், அது வேற பொருமல்.

இனி ரோட்டுல ஆரம்பிச்சுட்டா. குலுங்கல் கேட்டவுடனே இனிப்பு எதையும் கொடுக்காதீங்க, தண்ணியும் வேணாம். 20 நிமிஷம் நடக்க வைங்க. தொப்பிக்குள்ள ஐஸ், கழுத்துல ஈரத் துண்டு, தலையிலயும் முன்கையிலயும் தண்ணி. சூடு தணிஞ்சு நாடித்துடிப்பு இறங்கினா வயிறு தானா காலியாகும், ஏப்பம் புளிப்பில்லாம வரும். அதுதான் அடையாளம். அப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ரெண்டு வாய் வெறும் தண்ணி, அது தங்கினா உப்புப் போட்டது ஏதாவது. வாந்தியே எடுத்துட்டான்னா பயப்படாதீங்க. தேங்கினது போனதும் பலருக்கு உடனே தெளிஞ்சிடும். பத்து நிமிஷம் ஒன்னும் வேணாம், பிறகு அதே ரெண்டு வாய் கணக்கு. இழந்ததை ஈடு கட்டுறேன்னு உடனே ஜெல்லைத் திணிக்கிறதுதான் ஓட்டத்தையே முடிச்சு வைக்கும்.

சோடா, பழ உப்புப் பவுடர் ரெண்டும் கொடுக்காதீங்க. ஏப்பம் வந்தா நல்லதுன்னு கொடுப்பாங்க. ஏற்கெனவே இறுகின வயித்துல காத்தை நிரப்புறது அது.

உணவியல்_தேவகோட்டை

கோட்டையூர்க்காரர் சொன்ன அளவுக் கணக்கோடு நான் ஒத்துப்போகிறேன். உணவுப் பக்கத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

குளுக்கோஸ் குடலுக்குள் நுழைய ஒரு கதவு, பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் நுழைய வேறொரு கதவு. குளுக்கோஸ் கதவு மணிக்கு ஏறக்குறைய 60 கிராமுக்கு மேல் விடாது. மிச்சம் குடலிலேயே கிடந்து நொதித்து வாயுவாகும், பேதியாகும். இரண்டு கதவையும் பயன்படுத்தினால், பழகிய வயிற்றுக்கு மணிக்கு 90 கிராம் வரை போகும். நம் வீட்டுச் சர்க்கரை செரிக்கும்போது பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. எனவே விலை உயர்ந்த பவுடர் கட்டாயமில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு:

சர்க்கரை 40 கிராம் (தலை தட்டிய டீஸ்பூனில் பத்து)
மருந்துக்கடைக் குளுக்கோஸ் பவுடர் 20 கிராம்
உப்பு ஒன்றரை கிராம் (கால் டீஸ்பூன், தலை தட்டி)
எலுமிச்சை அரை மூடி, வாசனைக்கு

இதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைகின்றன, சோடியம் கிட்டத்தட்ட 590 மில்லிகிராம். உப்பைக் கண்ணளவாகப் போடாதீர்கள். அரை டீஸ்பூன் ஆகிவிட்டால் அந்த ருசியே குமட்டும். பொடிகளைச் சமையலறைத் தராசில் நிறுத்துச் சிறு கவரில் கட்டி வைத்துவிட்டால், வண்டியில் தண்ணீர் ஊற்றிக் கலக்குவது மட்டுமே வேலை. எலுமிச்சையைக் கலக்கும்போது பிழிந்தால் போதும். மணிக்கு இதில் 750 மி.லி. குடித்தால் 45 கிராம் வந்துவிடுகிறது. மீதி 15 கிராமைக் கையில் கொடுக்கும் உணவில் தாருங்கள்: வெறும் இட்லி ஒன்றரை, அல்லது உப்புத் தொட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு 75 கிராம்.

ஆறேழு மணி நேரம் கழித்து இனிப்பே வெறுத்துப் போகும். அது எல்லோருக்கும் வரும். அப்போது நொய்க் கஞ்சிதான் கை கொடுக்கும். 50 கிராம் பச்சரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, மொத்தம் 600 மி.லி. ஆகுமளவு தண்ணீர் சேர்த்து, கால் டீஸ்பூன் உப்புப் போட்டு வடிகட்டினால் 40 கிராம் அளவுக்கு மாவுச்சத்து, இனிப்பே இல்லாமல். பேதிக்கு அரிசிக் கஞ்சி கொடுப்பது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. அரிசியை வைத்துச் செய்த உப்புக் கரைசல் மருத்துவத்திலும் பயன்பட்டிருக்கிறது. வாய்க்கு மாற்றாக உப்பு நாரத்தங்காய் ஒரு சின்னக் கீற்று, குமட்டலுக்கு இஞ்சி முரப்பா ஒரு துண்டு. எண்ணெயில் தாளித்த நாரத்தை ஊறுகாய் வேண்டாம், வெயிலில் காய்ந்த உப்பு நாரத்தை.

நீங்கள் கொடுப்பவற்றில் மூன்றை நிறுத்தலாம். பேரீச்சையில் நார் அதிகம், அதோடு மணிக்கு நாலு என்றால் நான்கு மணி நேரத்தில் பதினாறு. ஓடாமல் உட்கார்ந்திருப்பவருக்கே அது வயிற்றை இளக்கும். நீர்மோரில் பால்சர்க்கரை கொஞ்சம் மிச்சமிருக்கும், வண்டிச் சூட்டில் புளிக்கவும் செய்யும். ஓட்டம் முடிந்த பிறகு தாராளமாகக் குடிக்கட்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, வேர்வையில் முக்கியமாகப் போகும் சோடியமோ குறைவு. மடமடவென்று ஒரு முழு இளநீர் ஓட்டத்தின் நடுவில் வேண்டாம்.

முந்தைய இரவுக் கோழிக் குழம்பைப் பற்றி வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய் வயிற்றைத் தாமதப்படுத்தும், மிளகாயின் காரம் பெருங்குடலை முடுக்கும், அரைத்துவிட்ட சின்ன வெங்காயமும் பூண்டும் குடலில் நொதிக்கும் வகை. நம் ஊர்ச் சமையலில் இம்மூன்றும் தாராளம். சாப்பிட்டது முழுவதுமாக வெளியேற ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகிறது. ஆகவே கட்டுப்பாடு இரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். வெள்ளைச் சோறு, தெளிந்த ரசம், இடியாப்பத்தில் சர்க்கரை (தேங்காய்ப்பால் வேண்டாம்), இட்லி, உருளைக்கிழங்கு, முட்டை. கவுனி அரிசி, சிறுதானியம், கீரை, சுண்டல், அவரை, மொச்சை, வாழைப்பூ எல்லாம் உடம்புக்கு நல்லவை. அந்த இரண்டு நாளைக்கு மட்டும் தள்ளி வையுங்கள். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம் போன்ற எண்ணெய்ப் பலகாரமும் அப்படித்தான். அந்த வாரத்தில் வீட்டில் விசேஷம் ஏதும் இருந்தால் ஆச்சிமார்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இலையில் உட்கார்ந்த பிறகு மறுப்பது நடக்காது.

ஓட்டத்தன்று 4 மணித் தொடக்கத்துக்கு 1.30 அல்லது 2 மணிக்கு ஏழெட்டு இட்லி, சர்க்கரை தொட்டு. எண்ணெய்ப் பொடி வேண்டாம். 64 கிலோவுக்கு 65 முதல் 80 கிராம் மாவுச்சத்து போதும். அவ்வளவு சீக்கிரம் எழ முடியாதென்றால் 3 மணிக்கு அதில் பாதி. பால் காபி இரண்டு வேண்டாம். பாலில்லாத காபி ஒன்று, எழுந்தவுடன். காபி குடித்த சில நிமிடங்களிலேயே பெருங்குடல் அசையத் தொடங்கும். அந்த வேலை வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

ஆறு வாரம் நல்ல அவகாசம். குடலும் பழகும். இரண்டு வாரம் விடாமல் பழக்கினாலே வித்தியாசம் தெரிவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரத்தில் இரண்டு ஓட்டங்களில், போட்டியன்று கொடுக்கப்போகும் அதே பொருளை, அதே வேகத்தில், மணிக்கு 40 கிராமில் தொடங்குங்கள். ஒவ்வொரு வாரமும் 10 கிராம் ஏற்றுங்கள். ஒரு வாரம் பொருமினால் ஏற்றாமல் அதே அளவில் நிற்கலாம். கடைசிப் பத்து நாளில் புதிதாக எதையும் நுழைக்க வேண்டாம், உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஜெல்லாக இருந்தாலும்.

இருசக்கரம்300, திருப்பத்தூர்

சைக்கிள் பிரெவே (நேரக் கெடுவுக்குள்ள முடிக்கிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டுறவங்களும் இதைப் படிப்பாங்கன்னு சேர்க்கிறேன். சைக்கிள்ல குலுக்கல் கம்மி, அதனால பேதி கம்மி. ஆனா குனிஞ்சு வயித்தை மடக்கிக்கிட்டே இருக்கிறதால நெஞ்சு கரிப்பும் மேல்வயித்து இறுக்கமும் வரும். ஹேண்டில்பார் தண்டுக்கு அடியில ரெண்டு வளையம் போட்டு உயர்த்தினாலே சிலருக்குச் சரியாகிடும். இடுப்பு பெல்ட், இறுக்கமான பிப் ஷார்ட்ஸ் பட்டையையும் பாருங்க.

300 கி.மீ.க்கு 20 மணி நேரம் கொடுக்கிறாங்க, ஆற அமர உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்கு. அதுவே ஆபத்து. கன்ட்ரோல்ல (வழியில வருகை பதிவு பண்ற இடம்) நிறுத்தி பரோட்டா சால்னா முழுசா முடிச்சிட்டு உடனே எதிர்காத்துல மிதிச்சா ஒரு மணி நேரத்துல வயிறு பதில் சொல்லும். பாதி சாப்பிட்டு, மீதிக்கு இட்லி பொட்டலம் கட்டி ஜெர்ஸிப் பையில போட்டுக்கிட்டு, முதல் அரை மணி நேரம் லேசா மிதிங்க.

இன்னொன்னு பாட்டில் வாய். நம்ம பக்கம் லாரி போனா செம்மண் புழுதி பாட்டில் நிப்பிள்ல ஒட்டும். ரோட்டுல ஆடு மாடு போட்டதெல்லாம் அந்தப் புழுதியிலதான் இருக்கு. மூடி இருக்கிற பாட்டில் வாங்குங்க, குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பீச்சு வெளிய பீச்சிட்டு அப்புறம் வாயில வைங்க. நிப்பிளைக் கழட்டி உள்பக்கம் பாருங்க. சர்க்கரைத் தண்ணி காய்ஞ்சு கறுப்பா பூஞ்சை பிடிச்சிருந்தா தூக்கிப் போட்டுடுங்க.

செம்பூரான், காரைக்குடி

ரொம்ப நன்றி. 22 சதவீதம்னு பார்த்ததும்தான் புரியுது. மூணு சந்தேகம். வலி மாத்திரையைப் பத்தி யாரும் சொல்லலையே? ஓஆர்எஸ் பாக்கெட்டையே எனர்ஜி தண்ணிக்குப் பதிலா கொடுத்துட்டா என்ன? தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவங்க வழியெல்லாம் அன்னதானத்துல முழுச் சாப்பாடு சாப்பிட்டுட்டு நடக்கிறாங்க, அவங்களுக்கு மட்டும் எப்படித் தாங்குது?

பாதயாத்திரை_குன்றக்குடி

கடைசிக் கேள்விக்கு நான் சொல்றேன். நடையும் ஓட்டமும் வயித்துக்கு வேற வேற. காவடியோட நடந்தாலும் பேசிக்கிட்டே, பாடிக்கிட்டே போற வேகம்தான். குடலுக்குப் போற ரத்தம் அவ்வளவா குறையாது. சாப்பிட்டதும் உட்காருவாங்க, வெயில் நேரத்துல தங்குவாங்க. தம்பிக்கு முழுச் சாப்பாடு வேணும்னா அதே நிபந்தனை: சாப்பிட்டு 20 நிமிஷம் நடை.

யாத்திரையில வர்ற வயித்துப் பிரச்சினை பெரும்பாலும் வேற வகை. பொதுத் தண்ணி, கை கழுவாம சாப்பிடுறது, காலையில கட்டின புளியோதரையையும் தயிர்சாதத்தையும் சாயங்காலம் பிரிக்கிறது. இதுல காய்ச்சல், நடுக்கம் சேர்ந்து வரும், நடையை நிறுத்தினாலும் நிக்காது. ஓட்டத்துல வர்றது ஓய்வெடுத்தா சில மணி நேரத்துல அடங்கிடும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. சோப்பும் தனித் துண்டும் பெட்டியில முதல்ல வைங்க. வாழைப்பழம் உரிக்கிற கையும், ஜெல் கவரைக் கிழிக்கிற கையும் உங்களுதுதான்.

நெற்குப்பை மருத்துவர்

வலி மாத்திரையை இந்த ஓட்டத்தோடு நிறுத்திவிடுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உடலில் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. வலி குறைவது அதனால்தான். ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், தண்ணீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகச் செய்வதும் அதே பொருள். ஏற்கெனவே ரத்தம் குறைந்த குடல், வற்றிய உடம்பு, அதன்மேல் இந்த மாத்திரை என்றால் குடல்சுவர் கசியும், சிறுநீரகம் அடிபடும். முட்டி வலிக்குக் காரணத்தை ஓட்டத்துக்கு முன் காட்டிச் சரி செய்யுங்கள். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற முட்டியோடு 100 கி.மீ. வேண்டாம்.

ஓஆர்எஸ் பேதிக்கான மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, சோடியமோ ஏறக்குறைய 1.7 கிராம். 750 மி.லி. குடித்தால் பத்து கிராம் எரிபொருள்தான் கிடைக்கும். அதையே நம்பி ஓடினால் நடுவழியில் தெம்பு போய்விடும். வாந்தி, பேதிக்குப் பிறகு ஓரிரு மணி நேரம் அதைக் கொடுங்கள், வயிறு அடங்கியதும் பழைய கரைசலுக்குத் திரும்புங்கள். கடையில் அதே சாயலில் விற்கும் இனிப்பு டெட்ரா பாக்கெட்டை எடுத்துவிடாதீர்கள். லேபிளில் லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல் (கரைசலின் அடர்த்தி அளவு) என்றிருக்கிறதா பாருங்கள்.

நான் வலியுறுத்த நினைப்பது இதைத்தான். குமட்டல் என்றாலே நீர் வற்றியது என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றுகிறோம். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கினாலும் முதலில் வருவது குமட்டலும் வாந்தியும்தான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் அது அதிகம். எனவே வண்டியில் எடை பார்க்கும் கருவி ஒன்று வையுங்கள். 25 கி.மீ.க்கு ஒருமுறை அதே உடுப்பு, அதே காலணியோடு எடை பாருங்கள். 64 கிலோ 62.5 ஆனால் பரவாயில்லை. 64-க்கு மேல் போனால் தண்ணீரை நிறுத்துங்கள், உப்பானதை மட்டும் கொடுங்கள். விரல் வீங்கி மோதிரமும் கடிகாரப் பட்டையும் இறுகியிருந்தால் அதுவும் அடையாளம்.

இவற்றில் ஏதாவது வந்தால் ஓட்டம் அங்கேயே முடிந்தது, நேராக மருத்துவமனை: மலத்தில் ரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு, ரத்த வாந்தி, நிற்காத வாந்தி, பேச்சில் குழப்பம், விடாத தலைவலி, வலிப்பு, ஓய்வெடுத்தும் விடாத ஒருபக்க வயிற்றுவலி. அங்கே போனதும், எத்தனை மணி நேரம் ஓடினார், எவ்வளவு குடித்தார், என்ன மாத்திரை போட்டார் என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள். சலைன் ஏற்றுவதற்கு முன் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். பேதியை நிறுத்தும் லோபெரமைடு, வாந்தியை நிறுத்தும் ஒன்டான்செட்ரான் போன்றவற்றை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அவருடைய மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்டனூர்_ஓடுபவள்

பெண்கள் யாராவது இந்த இழையைத் தேடி வந்தா: மாதவிடாயோட முதல் ரெண்டு நாள் புரோஸ்டாகிளான்டின் கூடுறதால குடல் தானாவே இளகும். தேதி அப்படி விழுந்தா நார்ச்சத்து குறைக்கிறதை மூணு நாள் முன்னாடியே தொடங்குங்க. டாக்டர் சொன்ன வலி மாத்திரை விஷயம் அப்போதான் அதிகம் பொருந்தும், ஏன்னா வழக்கமா போடுற மெஃபெனமிக் அமிலமும் அதே வகைதான். வெந்நீர்ப் பை, ஓட்டத்துக்கு முன்னாடி மெதுநடை, தேவைன்னா உங்க மருத்துவரைக் கேட்டு வேற வழி. ரோட்டுல இருக்கிற பெட்ரோல் பங்க் கழிவறை எதெது விடிகாலை திறந்திருக்கும்னு முந்தின நாளே வண்டியில போய்ப் பார்த்துக் குறிச்சு வைங்க. எங்க ஒதுங்கலாம்னு தெரிஞ்சாலே பாதிப் பதட்டம் போயிடும். பதட்டமே வயித்தைக் கலக்கும்.

செம்பூரான், காரைக்குடி

எல்லாருக்கும் நன்றி. பெட்டி இப்படி வைக்கலாமா, பாருங்க: லிட்டருக்கு ஒரு கவரா சர்க்கரை, குளுக்கோஸ், உப்புப் பொட்டலம் 11. ஜெல் 6. வெறும் இட்லி 15, வேகவைத்த உருளை அரை கிலோ. நொய்க் கஞ்சி ரெண்டு லிட்டர் ஃபிளாஸ்க் ஒன்னு, விடிகாலை 3 மணிக்கு வீட்டுலயே வச்சு எடுத்துக்கிறேன். உப்பு நாரத்தை, இஞ்சி முரப்பா. ஓஆர்எஸ் நாலு. ஐஸ் பெட்டி, எடை மெஷின், சோப்பு, துண்டு ரெண்டு. வலி மாத்திரையை எடுத்துட்டேன்.

கோட்டையூர் ஓட்டம்

நல்லா இருக்கு அண்ணே. மாத்த வேண்டியது கொஞ்சம்தான்.

கஞ்சியை 3 மணிக்கு வச்சா, அவன் கேட்கப் போறது பகல் பதினொன்னு, பன்னிரெண்டுக்கு. வெந்த அரிசி வெதுவெதுப்பா எட்டு மணி நேரம் இருந்தா அதுல கிருமி விஷம் சேரும், திரும்பக் கொதிக்க வச்சாலும் போகாது. ஃபிளாஸ்க்கை முதல்ல கொதிக்கிற தண்ணி ஊத்திச் சூடாக்கிக் கொட்டிட்டு, கஞ்சியைக் கொதி நிலையிலயே ஊத்தி மூடினா நாலு மணி நேரம் தாங்கும். அதனால 3 மணிக்கு வேணாம், பத்து மணிக்கு மேல வீட்டிலிருந்து யாராவது புதுசா வச்சு எடுத்துட்டு வரட்டும். முடியலைன்னா வறுத்துப் பொடிச்ச நொய் 50 கிராம் கவரும் சின்ன கேஸ் அடுப்பும் வண்டியில இருக்கட்டும். பத்து நிமிஷ வேலை. ஆற வச்சு வெதுவெதுப்பா கொடுங்க, சுடச்சுட வேணாம். இட்லி, உருளையும் மதியத்துக்குத் தனியா புதுசு.

ஜெல்லுக்கான வெறும் தண்ணி பாட்டில் வேற நிறத்துல இருக்கணும். பன்னிரெண்டு மணி நேரம் கழிச்சு நீங்களும் களைச்சிருப்பீங்க, நிறம் ஒன்னா இருந்தா கை மாறிடும்.

ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பாதியா பிரிச்சு அரை லிட்டர்ல கலக்காதீங்க. உள்ள உப்பும் சர்க்கரையும் சமமா கலந்திருக்காது, ஒரு பாதியில உப்பு மட்டும் கூடிடும். முழுப் பாக்கெட், முழு ஒரு லிட்டர். அதுக்குன்னு கோடு போட்ட லிட்டர் பாட்டில் ஒன்னு தனியா வச்சிடுங்க.

இந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக்கிட்டு வர்ற ஞாயித்துக்கிழமை நீள ஓட்டத்துக்குப் போங்க. நான் சொன்ன 60 வேணாம், தேவகோட்டைக்காரர் சொன்ன மாதிரி இப்போ மணிக்கு 40 கிராம்தான், கூட்டிடாதீங்க. 25-லயும் 35-லயும் எடை, கடைசியா சாப்பிட்ட நேரம், ஏப்பம் எப்படின்னு எழுதிட்டு வந்து இங்க போடுங்க. அதைப் பார்த்துட்டு அடுத்த வாரத்தை முடிவு பண்ணலாம்.